‘நிறுத்து’ என்று ஒரு பெயர்

நான்காவதும் பெண் என்று தெரிந்த அன்று திகேயோஸ் குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் காப்பிக்கடைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஏதென்ஸுக்குத் தென்மேற்கே, மானிப் பக்கத்தில் மகனை மகன் என்று யாரும் எண்ணுவதில்லை, துப்பாக்கி என்றுதான் எண்ணுவார்கள். உங்கள் வீட்டில் எத்தனை துப்பாக்கி என்று கேட்டால் எத்தனை ஆண் பிள்ளை என்று அர்த்தம். திகேயோஸிடம் ஒன்றுகூட இல்லை. மூன்று பெண்களுக்கும் பாட்டிமார் பெயர், மாமி பெயர் என்று முறைப்படி வைத்தாகிவிட்டது. நான்காவதுக்கு ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று பாதிரியார் பெயர் கேட்டபோது அவர் ஒரே சொல்லில் முடித்தார்.

“ஸ்தமாத்தா.”

ஸ்தமாத்தா என்றால் அங்கே பெயரும் உண்டு, ‘நிறுத்து’ என்ற கட்டளையும் உண்டு. கழுதைக்காரனிடம் சொல்வதும் அதே சொல்தான், பேருந்துக்காரனிடம் சொல்வதும் அதே சொல்தான். நம் பக்கத்தில் போதும்பொண்ணு என்று வைப்பதில்லையா, அந்தக் கணக்கு. கடவுளிடம் சொல்ல வேண்டியதை ஒரு பச்சைக் குழந்தையின் நெற்றியில் எழுதி ஒட்டிவிடுகிற சாமர்த்தியம். கடவுளுக்கும் கேட்டது, கொஞ்சம் அதிகமாகவே கேட்டுவிட்டது. அவளுக்குப் பிறகு அந்த வீட்டில் பெண்ணும் பிறக்கவில்லை, ஆணும் பிறக்கவில்லை. அதற்கும் பழி அவள் மேல்தான் விழுந்தது. “நிறுத்துன்னா எல்லாத்தையுமா நிறுத்துவா, சனியன்” என்று திகேயோஸ் காப்பிக்கடையில் புலம்புவார். திகேயோஸ் என்ற பெயருக்கு நியாயவான் என்று பொருள். பெயர் வைத்தவர்களுக்கு என்ன தெரியும், பாவம்.

அவர்கள் ஊர் லித்தாரா. தைகெத்தோஸ் மலை கடலைப் பார்த்து இறங்கி வருகிற வழியில், ஒரு மலையிடுக்கின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கிற ஊர். ஊரின் கடைசி வீட்டுக்குப் பின்னால் தரை முடிந்துவிடும். அதற்குக் கீழே செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, ஆழத்தில் குளிர்காலத்தில் மட்டும் ஓடுகிற ஆறு, எதிரே இன்னொரு பாறைச்சுவர். குழந்தைகளை அந்த விளிம்புக்குப் போகாதே என்று அடித்துத்தான் வளர்ப்பார்கள். ஸ்தமாத்தா அடி வாங்கிக்கொண்டே போனாள். பாறைப் பிளவில் முளைக்கிற, ஊறுகாய் போடுகிற கேப்பர் மொட்டு பறிக்க, வழி தவறி இடுக்கில் மாட்டிக்கொண்ட ஆட்டை மேலே ஓட்டிவர, பிறகு எந்தக் காரணமும் இல்லாமல். தெருப் பையன்கள் அவள் ஓடும்போதெல்லாம் பின்னாலிருந்து அவள் பெயரைக் கத்துவார்கள். திரும்பிப் பார்த்தால் சிரிப்பார்கள். “பேரு நிறுத்து, ஆளு நிக்காது!” நின்றிருந்தால் அவளுக்கு இந்தக் கதையே இல்லை.

கல்யாணம் அமையவில்லை. அமையவில்லை என்பது ஊர் சொல்வது. வந்தவர்களை அவள் திருப்பி அனுப்பினாள் என்பது அவள் சொல்வது. ஒலிவ மரங்களைப் பார்த்துக்கொண்டாள், மாடி அறையை வாடகைக்கு விட்டாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவிலிருந்து பாறையேறிகள் குளிர்காலத்துக்கு வரத் தொடங்கினார்கள். எதிர்ச்சுவரில் இரும்புக் கொக்கிகளை அடித்துக் கயிறு போட்டு ஏறுவார்கள். அவர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்த நாளில் கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் இவளைக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு எந்த நாளும் அவளைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை, அவளே வந்து நின்றாள். இடுப்புப் பட்டை, கொக்கி, முடிச்சு எல்லாம் இரண்டு குளிர்காலத்தில் கைக்கு வந்துவிட்டன. ஆஸ்திரியாக்காரர்களுக்கு அவள் பெயர் வெறும் பெயர். நிறுத்த வேண்டுமென்றால் அவர்கள் “ஹால்ட்” என்று கத்துவார்கள், அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் “ஸ்தமாத்தா” என்பார்கள். இரண்டும் வேறு வேறாக இருப்பது எவ்வளவு சுகம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு வசந்தத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் மலையிடுக்கில் நடக்கப் போய்க் காணாமல் போனார். நான்காம் நாள் உயிரோடுதான் கிடைத்தார், ஆனால் ஊருக்கு வெட்கமாகிவிட்டது. ஊருக்கென்று ஒரு மீட்புக் குழு வேண்டும் என்றார்கள். சராந்தோஸ் தலைவரானார். அவர் இருபது வருடம் கப்பலில் கயிற்றோடு வேலை பார்த்துத் திரும்பியவர், கயிறு என்று யார் பேச்செடுத்தாலும் தொண்டையைச் செருமிக்கொள்வார். அவரோடு ஐந்து ஆண்கள். ஸ்தமாத்தா தன் சொந்த இடுப்புப் பட்டையோடு முதல் பயிற்சிக்குப் போய் நின்றாள். அவளை வா என்று யாரும் சொல்லவில்லை. போ என்று சொல்லவும் யாருக்கும் சட்டென்று வாய் வரவில்லை. அந்த ஊரிலேயே பாறை ஏறத் தெரிந்த ஒரே ஆள் அவள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு நடந்ததை லித்தாராவில் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். குழுவிலேயே சாதுவான பனாகோஸைக் கயிற்றில் கட்டிப் பாறையிலிருந்து கீழே இறக்கினார்கள். மேலே சராந்தோஸ், ஒரு மரத்தில் மாட்டிய இரும்பு வளையத்தின் வழியே கயிற்றை விட்டுக்கொண்டிருந்தார். பனாகோஸ் பாதி தூரம் இறங்கியிருந்தான். ஸ்தமாத்தா விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் ஒரு கல் ஆடுவதைக் கீழே நின்ற ஒருவர் பார்த்துவிட்டுக் கத்தினார்: “ஸ்தமாத்தா! கால்கிட்ட கல்லு ஆடுது, பாத்து!”

காற்றுச் சத்தத்தில் முதல் சொல் மட்டும்தான் மேலே வந்து சேர்ந்தது. சராந்தோஸ் கயிற்றை இறுக்கிப் பிடித்தார். பனாகோஸ் நின்ற இடத்தில், அவன் மூக்குக்கு நேரே, பாறைப் பொந்தில் ஒரு குளவிக்கூடு.

“இறக்கு! இறக்கு!” என்று பனாகோஸ் அலறினான்.

“ஏன்டா நிறுத்தச் சொன்னீங்க?” என்று மேலேயிருந்து சராந்தோஸ்.

“‘ஸ்தமாத்தா’ன்னு சொல்லலண்ணே, ‘ஸ்தமாத்தா’ன்னு சொன்னேன்!” என்று கீழே நின்றவர்.

“அதத்தான் செஞ்சிருக்கேன்!” என்று சராந்தோஸ் இன்னும் இறுக்கினார்.

விளக்கம் சொல்லச் சொல்ல அந்தச் சொல்லே மறுபடி மறுபடி மேலே போனது. சராந்தோஸ் கப்பல்காரப் பிடி பிடித்தார். கடைசியில் ஸ்தமாத்தாவே ஓடிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டுக் கயிற்றைத் தளர்த்தி இறக்கினாள். பனாகோஸ் கீழே வந்து சேர்ந்தபோது அவன் அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை.

அன்று மாலை காப்பிக்கடையில் பஞ்சாயத்து. அந்தக் காப்பிக்கடைக்குள் பெண்கள் போவதில்லை. போகக் கூடாது என்று சட்டம் இல்லை, போவதில்லை, அவ்வளவுதான். ஸ்தமாத்தா உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூலையில் சீட்டாடிக்கொண்டிருந்த திகேயோஸ் கையிலிருந்த சீட்டுகளுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சராந்தோஸ் தொண்டையைச் செருமினார். “உன்மேல குத்தம் இல்லம்மா. உன் பேர்மேலதான் குத்தம். கயித்துல நிக்கறவளுக்கு இந்தப் பேரு ஆகாது. ஒண்ணு பண்ணு, மாத்தீனான்னு வச்சுக்கோ. ஏதென்ஸ்ல உன் பேருக்காரிங்க எல்லாரும் அப்படித்தான் சுருக்கிக்கறாளுங்க. எவ்வளவு அழகா இருக்கு!”

“நீங்க வார்த்தைய மாத்துங்கண்ணே. நிறுத்தச் சொல்ல நம்ம பாஷைல வேற சொல்லே இல்லையா?”

“ஒலகம் பூரா சொல்ற வார்த்தைய ஒருத்திக்காக மாத்துவாங்களா?”

“ஒலகம் பூராவா? மொத்தமே ஆறு பேர்தான் இருக்கீங்க.”

யாரோ சிரித்தார்கள். சராந்தோஸ் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்த பனாகோஸ் மெல்ல வாயைத் திறந்தான். “என்னைக் கொட்டுனது குளவிண்ணே. இவ இல்ல.”

“வாய் வீங்கியும் அடங்குதா பாரு. நீ சும்மா இரு.”

“பேர மாத்துனா என்னடி கொறஞ்சு போகுது?” என்றார் திகேயோஸ் சீட்டுக்குப் பின்னாலிருந்து. “வச்சவன் நானே சொல்றேன், மாத்திக்கோ.”

மாத்தீனா என்று ஆகிவிடுவது ஸ்தமாத்தாவுக்கு ஒன்றும் கஷ்டமில்லை. சின்ன வயதில் எத்தனை இரவு வேறு பெயர் வேண்டுமென்று அழுதிருக்கிறாள்! அப்போது யாராவது கொடுத்திருந்தால் கைநீட்டி வாங்கியிருப்பாள். இப்போது, கயிறு கைக்கு வந்த பிறகு, இடத்துக்கு விலையாகப் பெயரைக் கேட்கிறார்கள். பெயரில்லை இவர்களுக்குப் பிரச்சினை, பெண்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். நாளைக்கு மாத்தீனா என்று வந்து நின்றால் நாளை மறுநாள் பாவாடை இடிக்கிறது என்பார்கள்.

“வச்சப்ப என்னைக் கேக்கலயே அப்பா. மாத்தறப்ப மட்டும் எதுக்குக் கேக்கறீங்க?” என்றாள். எழுந்து நின்றாள். “இந்தப் பேர வச்சு என்னை நிறுத்தத்தான் எல்லாரும் பாத்தீங்க. நான் நிக்கல. முப்பத்தி நாலு வருஷம் நிக்காம வந்து சம்பாதிச்ச பேரு இது. தர மாட்டேன்.”

“அப்ப கயிறும் கிடையாது” என்றார் சராந்தோஸ்.

“கயிறு என்ன உங்க கடையிலயா விக்குது?”

வெளியே வந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. தெருவில் யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து நின்று நன்றாக அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு மூத்த அக்கா கனெல்லா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஆஸ்திரியாக்காரர்கள் போகும்போது விட்டுப்போன கயிறும் இடுப்புப் பட்டைகளும் அவளிடம் இருந்தன. ஆள்தான் வேண்டும். கனெல்லா கணவனை இழந்து கறுப்புடுத்தி ஆறு வருடம் ஆனவள். இரண்டாமவள் பொலிதீமியின் கணவன் எப்போதும் கடலில். மூன்றாமவள் யானூலா ஆடு வைத்திருப்பவள், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த சிரிப்பு. மூவருமே ஒரே குரலில் மாட்டேன் என்றார்கள்.

“எனக்கு நாப்பத்தி மூணுடி. நான் கயித்துல தொங்குனா என் புருஷன் கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து திட்டுவாரு” என்றாள் கனெல்லா.

“வரட்டும். வந்தா அவரையும் கயிறு பிடிக்கச் சொல்லு.”

“ஏன்டி, பேர மாத்திக்கிட்டுப் போயேன். எதுக்கு இந்த வீம்பு?”

“எனக்கப்புறம் நிறுத்துன்னு வச்சாங்களேக்கா, அது உங்க மூணு பேரையும் சேத்துத்தான். நீங்க மூணு பேரும் வேண்டாத சரக்குன்னு ஊரறியச் சொல்றதுதான் என் பேரு. அத மறைக்கச் சொல்றாங்க. நான் மறைக்க மாட்டேன்.”

யானூலா ஒரு பட்டையைக் கையிலெடுத்துப் பார்த்துக் கேட்டாள்: “அந்தப் பட்டை என் இடுப்புக்குப் பத்துமா?”

பத்தத்தான் செய்தது, கடைசித் துளையில்.

ஊருக்கு நேரெதிரே, காப்பிக்கடை முற்றத்திலிருந்து நன்றாகத் தெரிகிற பாறையைத்தான் ஸ்தமாத்தா வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தாள். கறுப்புப் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, கணவனின் பழைய காற்சட்டையை உள்ளே போட்டுக்கொண்டு கனெல்லா முதலில் இறங்கினாள். நிறுத்த என்ன சொல்வது என்று அதற்குள் ஒரு சண்டை. ‘போதும்’ என்று வைத்துப் பார்த்தார்கள், காற்றில் கரைந்துவிட்டது. ‘பிடி’ என்று வைத்தார்கள், பொலிதீமி அதைக் கேட்டதும் கயிற்றை விட்டுவிட்டு வேறு எதையோ பிடித்தாள்.

அந்தச் சமயத்தில் கனெல்லாவுக்குக் கால் வழுக்கியது. அம்மா என்று கத்தவில்லை, கடவுளே என்றும் கத்தவில்லை. அவள் வாயிலிருந்து வந்தது: “திகேயோஸ்!”

ஸ்தமாத்தாவின் கை அந்த நொடியே கயிற்றை இறுக்கிவிட்டது. யோசித்துச் செய்யவில்லை. கனெல்லா ஒரு முழம்கூடக் கீழே போகவில்லை.

நான்கு பேருக்கும் ஏன் என்று தெரியும். அப்பா மகள்கள் மேல் கையை ஓங்கும்போது அம்மா ஒன்றும் பேச மாட்டாள், குறுக்கே வரவும் மாட்டாள். அடுப்படியிலிருந்து அவர் பெயரை ஒரே ஒரு தடவை சொல்வாள். ஓங்கிய கை அப்படியே நிற்கும். சில நாள் கொஞ்சம் தாமதமாக நிற்கும், ஆனால் நிற்கும். அந்த வீட்டில் எதையாவது நிறுத்திய ஒரே சொல் அதுதான். அம்மா போய்ப் பல வருடமாகியும் அது அவர்கள் உடம்பில் இருந்திருக்கிறது.

“இதையே வச்சுக்கலாம்” என்றாள் பொலிதீமி. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யானூலா. பாறையே அதிரும்படி சிரித்தாள்.

அன்றிலிருந்து காப்பிக்கடையில் திகேயோஸுக்கு நிம்மதி போயிற்று. சீட்டை எடுப்பார், எதிர்ச்சுவரிலிருந்து “திகேயோஸ்!” என்று ஒரு குரல் வரும். திடுக்கிட்டு எழுந்திருப்பார். உட்காருவார், “திகேயோஸ்!” என்று இன்னொரு குரல். மலையிடுக்கு அதை வாங்கி இரண்டு மூன்று தடவை திருப்பிச் சொல்லும். “உன்னைத்தான் கூப்பிடறாளுங்க, போயேன்யா” என்று கூட விளையாடுகிறவர்கள் ஏத்திவிடுவார்கள். ஒரு வாரம் பொறுத்தார். பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க எதிர்ப்பக்கம் ஏறி வந்துவிட்டார்.

“என்னடி இது? பெத்தவன் பேர இப்படிச் சந்தி சிரிக்க வைக்கறீங்க? ஆட்டுக்காரன்கூட ஆட்டை நிறுத்த என் பேரைச் சொல்றான்டி!”

ஸ்தமாத்தா கயிற்றிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொன்னாள். “உங்க கட்டளைய நான் முப்பத்தி நாலு வருஷம் பேரா சுமந்தேன். நீங்க உங்க பேரைக் கட்டளையா கொஞ்ச நாள் சுமங்கப்பா. செத்துப்போக மாட்டீங்க. நான் சாகலையே?”

திகேயோஸ் கைத்தடியை ஓங்கினார். பாறைக்குக் கீழேயிருந்து, மேலே நடப்பது எதுவும் தெரியாத கனெல்லா, நிறுத்தச் சொல்லித் தன் பாட்டுக்கு அவர் பெயரைக் கத்தினாள். தடி அந்தரத்தில் நின்றது. கிழவர் தடியைப் பார்த்தார், மகள்களைப் பார்த்தார், திரும்பி நடந்தார். அன்று அவர் காப்பிக்கடைக்குப் போகவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

ஜனவரியில், ஒலிவ அறுவடை முடியப் போகிற சமயம், மதியம் தாண்டி ஒரு பெண் முழங்காலில் இரத்தத்தோடு ஊருக்குள் ஓடி வந்தாள். கலமாத்தா நகரத்திலிருந்து கணவனோடு மலையிடுக்கில் நடக்க வந்தவள். கணவன் வழுக்கி விழுந்து பாறையின் நடுவிலிருக்கிற ஒரு திட்டில் கிடக்கிறான், கால் உடைந்துவிட்டது, பேசுகிறான், ஆனால் நனைந்திருக்கிறான். இருட்டுவதற்குள் எடுக்காவிட்டால் குளிரே கொன்றுவிடும். குழுவில் நான்கு பேர் கீழே கடலோரத் தோப்பில் வலை விரித்து ஒலிவக் காய் உலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஊரில் இருந்தது சராந்தோஸும் பனாகோஸும் மட்டும். சராந்தோஸ் தெருவில் நின்று மேலும் கீழும் பார்த்தார். கைகள் வேண்டும். அவருக்கு முன்னால் நான்கு பெண்கள் ஏற்கெனவே பட்டை கட்டி நின்றார்கள்.

“சரி, வாங்க” என்றார், யாரையும் பார்க்காமல்.

விளிம்புக்கு வந்ததும் ஸ்தமாத்தா தான் இறங்குவதாகச் சொன்னாள். “குழுத் தலைவன் நான். நான்தான் இறங்கணும்” என்றார் அவர். அவள் வாதாடவில்லை. கயிற்றை மரத்து வளையத்தில் மாட்டினாள்.

“இறங்குங்க. ஆனா கயிறு யார் கையிலயோ வார்த்தை அவங்களது. நிறுத்தணும்னா திகேயோஸ்னு சொல்லணும்.”

“நான் அந்தாளோட தெனமும் சீட்டாடறவன்டி. அவன் பேரைச் சொல்லிக் கத்துவேனா?”

“ஸ்தமாத்தான்னு கத்துனீங்கன்னா என்னைக் கூப்பிடறீங்கன்னு அர்த்தம். நான் என்னன்னு கேப்பேன்.”

“சரி சரி, விடு கயித்த.”

இதற்குள் திகேயோஸும் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். யாரும் கூப்பிடாமலே விளிம்பில் குப்புறப் படுத்துத் தலையை நீட்டிக் கீழே பார்க்கத் தொடங்கினார். எழுபத்தாறு வயதுக்கு அது பெரிய காரியம்தான். “போறான், போறான், இடது கால் வச்சிட்டான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

திட்டுக்குக் கீழே பாறைக் குழியில் ஆற்றுத் தண்ணீர் தேங்கி நின்றது. பனி உருகி வந்த தண்ணீர். இடுப்பளவுக்கு மேல் ஆழமில்லை என்று ஸ்தமாத்தாவுக்குத் தெரியும், ஆறு வற்றிய கோடையிலும் தண்ணீர் நிற்கிற, அவள் குளிக்கிற இடம். சராந்தோஸ் திட்டை எட்டினார். அங்கே நின்றிருக்க வேண்டும். அடிபட்டவனைப் பார்த்த பதற்றத்தில் காலை வைக்கிற இடம் தவறியது, கயிறு அவரைத் திட்டைத் தாண்டிக் கீழே கொண்டுபோனது. அவர் வாயில் வந்தது பழைய சொல்தான்.

“ஸ்தமாத்தா!”

“என்னண்ணே?” என்றாள் ஸ்தமாத்தா. கயிறு போய்க்கொண்டிருந்தது.

“ஸ்தமாத்தா! ஏய், ஸ்தமாத்தா!”

“கேக்குது, சொல்லுங்க!”

இதில் வீம்பு பாதி, பழக்கம் பாதி என்று அவளே பின்னாளில் ஒத்துக்கொண்டாள். இத்தனை மாதம் கை வேறு சொல்லுக்குப் பழகியிருந்தது. கயிறு பிடித்திருந்த பனாகோஸ் கண்ணை மூடிக்கொண்டான். யானூலா “அடியே, அடியே” என்றாள். கீழே தண்ணீர் அலம்புகிற சத்தமும், குளிரில் ஒரு மனிதன் போடுகிற கூப்பாடும் கேட்டன.

அப்போதுதான் விளிம்பில் படுத்திருந்த கிழவர், கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, மலையிடுக்கே அதிரும்படி கத்தினார்:

“டேய் சராந்தோஸ்! அது என் பொண்ணோட பேருடா! நிறுத்தணும்னா என் பேரைச் சொல்லு!”

கீழேயிருந்து, பல் கிட்டிப்போன ஒரு குரல்: “தி… திகேயோஸ்!”

கயிறு நின்றது.

ஸ்தமாத்தா அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் கை தளர்ந்துவிடும் என்று பயந்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு கயிறு இரண்டாகத் தெரிந்தது. “இழுங்க” என்று மட்டும் சொன்னாள். ஐந்து பேரும் சேர்ந்து சராந்தோஸைத் திட்டுவரை இழுத்தார்கள். அதன் பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. அடிபட்டவனின் காலை இரண்டு குச்சிகளுக்கு நடுவே கட்டினார் சராந்தோஸ். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் திகேயோஸ் பெயரைத் தெளிவாக, மரியாதையாகச் சொன்னார். வெயில் எதிர்மலையின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தபோது அவனை மேலே எடுத்துவிட்டார்கள். அவன் மனைவி ஒவ்வொருத்தியையும் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். சராந்தோஸ் கடைசியாக வந்தார், கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு.

“ஏன்டி உடனே நிறுத்தல?”

“நீங்க கூப்பிட்டீங்க. நான் என்னன்னு கேட்டேன். நீங்கதான் விஷயத்தச் சொல்லல.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், தும்மல்தான் வந்தது. பிறகு, “ஞாயித்துக்கெழம பயிற்சி. நாலு பேரும் வந்துடுங்க” என்றார்.

“நாங்க ஞாயித்துக்கெழம அந்தப் பாறையிலதான் இருப்போம். நீங்க ஆறு பேரும் வாங்க” என்றாள் ஸ்தமாத்தா.

வந்தார்கள். முதலில் பனாகோஸ், கடைசியில் சராந்தோஸ். லித்தாரா கயிற்றில் நிறுத்துகிற சொல் அன்றிலிருந்து மாறவில்லை. கலமாத்தாவிலிருந்து வருகிற புதுக் குழுக்காரர்கள் யார் அந்தத் திகேயோஸ், பெரிய மலையேறியா என்று கேட்பார்கள். ஏணி ஏறினாலே தலை சுற்றுகிற கிழவர் காப்பிக்கடையிலிருந்து கையைத் தூக்கிக் காட்டுவார். புகார் சொல்வதை அவர் நிறுத்தவில்லை, ஆனால் எதிர்ச்சுவரில் ஒரு முழு நாள் யாரும் கத்தாவிட்டால் “இன்னைக்கு ஏன் யாரும் போகல? மழையா?” என்று கேட்கத் தொடங்கினார்.

திகேயோஸ் எண்பத்தெட்டு வயதில் இறந்தார். பெட்டியைத் தூக்கக் கடலோரத்திலிருந்து பங்காளிகளின் மகன்கள் வந்திருந்தார்கள், வரிசையாக, இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டையில். மகன்தான் தூக்க வேண்டும், மகன் இல்லையென்றால் பங்காளி. ஸ்தமாத்தா அவர்களை ஒதுங்கச் சொன்னாள்.

“பொம்பளைங்களா தூக்குவீங்க? அப்படி வழக்கமே இல்லையே” என்றான் ஒருவன்.

“கயித்துக் குழு தூக்கும், தம்பி. பாரத்த எறக்கறதுதான் எங்க வேலை” என்றார் சராந்தோஸ். அவரும் கிழவராகியிருந்தார், ஆனாலும் தோள் கொடுத்தார். முன்னால் ஸ்தமாத்தாவும் கனெல்லாவும், நடுவில் சராந்தோஸும் பனாகோஸும், பின்னால் பொலிதீமியும் யானூலாவும்.

கல்லறைக்குப் போகிற வழி கற்படிகளாகக் கீழே இறங்கும். மானியில் பெண்கள் இறந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒப்பாரி வைப்பார்கள். பத்துப் படி இறங்குவதற்குள் வயதான அத்தை ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டு தொடங்கினாள்: “திகேயோஸ்! எங்களை விட்டுட்டு எங்க போறே, திகேயோஸ்!”

தூக்கியவர்கள் ஆறு பேரும் சட்டென்று நின்றார்கள். பின்னால் வந்த பாதிரியார் யானூலாவின் முதுகில் மோதினார். சாம்பிராணிக் கரி சிதறியது. என்ன நடந்தது என்று புரிந்து மறுபடி கால் எடுத்தார்கள். அத்தை மறுபடி கூப்பிட்டாள். மறுபடி ஆறு பேரும் நின்றார்கள். பன்னிரண்டு வருடப் பழக்கம், கால் கேட்கவில்லை. பெட்டி ஆடியது. யானூலாவின் தோள் குலுங்கியது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

“இப்ப என்ன பண்றது?” என்று கிசுகிசுத்தார் சராந்தோஸ். “இப்படிப் போனா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்.”

ஸ்தமாத்தா கன்னம் நனைய அழுதுகொண்டிருந்தாள். தோளில் அப்பா கனத்தார். அவள் திரும்பாமல், முன்னால் இறங்குகிற படிகளைப் பார்த்துக்கொண்டே, ஊர்வலம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

“அது எங்கப்பா பேரு! கட்டளை இல்ல! நடங்க!”

நடந்தார்கள்.